ஒரு முழங்கால் தரையில்: அமெரிக்க ஃபுட்பால் களத்தின் போராட்ட வரலாறு

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாலை காலின் கேப்பர்னிக் பற்றிய காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். முதலாமாண்டு படிக்கும் தம்பி ஒருவர் எழுந்து கேட்டார்: "அவர் கேக்கறது நியாயம்தான் தோழர். ஆனா தேசிய கீதம் பாடும்போதுதான் அதைச் செய்யணுமா? வேற வழியில போராடியிருக்கலாமே?" கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

அந்தத் தம்பியின் மீது எங்களுக்குக் கோபமில்லை. திருவிழா நேரத்தில்தான் கோயில் நுழைவு கேட்க வேண்டுமா, பிணத்தைச் சாலையில் வைத்துத்தான் நீதி கேட்க வேண்டுமா என்று நம்மிடம் கேட்கப்படுவதும் இதே கேள்விதான். அன்று எங்களால் நிறைவாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அல்ல. இரண்டு முனையும் கூரான பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைக்கவசம் அணிந்து, ஒருவரையொருவர் மோதித் தள்ளிக்கொண்டு ஓடும் ஆட்டம். அந்நாட்டில் மிக அதிகமாகப் பணம் புரளும் விளையாட்டும் அதுதான். அதை நடத்தும் தேசிய ஃபுட்பால் லீகில், இந்தப் போராட்டம் நடந்த காலத்தில், மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட வீரர்கள் கறுப்பினத்தவர். அணிகள் 32. அதில் ஒன்றுக்குக்கூடக் கறுப்பினத்தவர் ஒருவர் பெரும்பங்கு முதலாளியாக இருந்ததில்லை, இன்றுவரை. உடம்பு யாருடையது, லாபம் யாருடையது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

2016 ஆகஸ்ட் 26. சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணிக்கும் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கும் ஒரு முன்னோட்ட ஆட்டம். தேசிய கீதம் ஒலித்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். கேப்பர்னிக் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களிலும் அவர் அப்படித்தான் இருந்திருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் முறை ஒரு நிழற்படம் வெளியே வந்தது, செய்தியாளர்கள் கேட்டார்கள். கறுப்பின மக்களையும் மற்ற நிறத்தவரையும் ஒடுக்குகிற நாட்டின் கொடிக்குப் பெருமிதம் காட்ட எழுந்து நிற்கமாட்டேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். தெருவில் உடல்கள் கிடக்க, கொன்றவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கிறது என்றும் சொன்னார்.

அந்த உடல்கள் யாருடையவை? 2015 டிசம்பரில் அவர் ஆடிய அதே சான் பிரான்சிஸ்கோவில் மாரியோ வுட்ஸ் என்ற 26 வயது இளைஞரைப் போலீசார் பலர் சூழ்ந்து நின்று சுட்டுக் கொன்றார்கள். 2016 ஜூலை 5 அன்று லூசியானாவில் ஆல்டன் ஸ்டெர்லிங். மறுநாள் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில், காருக்குள், காதலியும் அவருடைய சிறு மகளும் பார்த்துக்கொண்டிருக்க. அந்த ஜூலையிலேயே மினசோட்டா லிங்க்ஸ் என்ற பெண்கள் கூடைப்பந்து அணியினர் இவர்கள் பெயரைப் பொறித்த சட்டையணிந்து களத்துக்கு வந்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் நான்கு பேர் வேலையை விட்டுவிட்டு வெளியேறினார்கள். கேப்பர்னிக்குக்கு ஏழு வாரம் முன்பு நடந்தது இது. பெண்கள் முதலில் செய்ததை வரலாறு ஆண்களின் பெயரில் எழுதிக்கொள்வது நமக்குப் புதிதல்ல, இருந்தாலும் பதிவு செய்துவிடுகிறோம்.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். வேறு வழியில் செய்திருக்கலாமே?

செய்தார். ஆறே நாளில் வழியை மாற்றினார். முன்னாள் ராணுவ வீரரும் சிறிது காலம் ஃபுட்பால் ஆடியவருமான நேட் போயர், கேப்பர்னிக்குக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். இருவரும் சந்தித்துப் பேசினார்கள். உட்காருவதற்குப் பதில் ஒரு முழங்காலை ஊன்றி இருக்கலாம், களத்தில் இறந்த சகவீரனின் கல்லறைக்கு முன்னால் நாங்கள் அப்படித்தான் இருப்போம் என்றார் போயர். கேப்பர்னிக் ஏற்றுக்கொண்டார். செப்டம்பர் 1 அன்று சான் டியேகோவில் அவரும் சக ஆட்டக்காரர் எரிக் ரீடும் முழங்காலிட்டார்கள். போயர் பக்கத்தில் நின்றார்.

ராணுவத்தினரை மதிக்கும் வடிவம் வேண்டும் என்று, ஒரு ராணுவத்தான் சொல்லிக்கொடுத்த வடிவம் அது. அதற்குப் பிறகும் கேப்பர்னிக் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு என்ன தெரியுமா? ராணுவத்தினரை அவமதித்துவிட்டார்! வடிவத்தை எத்தனை மென்மையாக்கினாலும் குற்றச்சாட்டு மாறவில்லை என்பதை அந்தத் தம்பிக்கு நாங்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் பிழையே செய்யாதவர் என்றும் நாங்கள் சொல்ல வரவில்லை. போலீஸ் தொப்பி அணிந்த பன்றிப் படம் போட்ட காலுறையோடு பயிற்சிக்கு வந்தது, பேச்சைத் திசைதிருப்பக் காத்திருந்தவர்களுக்கு அவரே கொடுத்த துருப்புச்சீட்டு. மறுபக்கம், பத்து லட்சம் டாலரை அடித்தட்டு அமைப்புகளுக்குத் தருவதாக அறிவித்து அதைத் தந்து முடித்தார். போலீசிடம் மாட்டினால் உங்கள் உரிமை என்ன என்று கறுப்பினச் சிறார்களுக்குச் சொல்லித்தரும் முகாம்களையும் நடத்தினார்.

விளையாட்டில் அரசியலைக் கொண்டுவரலாமா என்பது அடுத்த கேள்வி. அந்தக் களத்துக்குள் முதலில் அரசியலைக் கொண்டுவந்தது யார் என்று பார்ப்போம்.

அமெரிக்க தேசிய கீதத்தை 1814இல் எழுதிய பிரான்சிஸ் ஸ்காட் கீ அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். பின்னாளில் வாஷிங்டன் நகரின் அரசு வழக்கறிஞராக இருந்து, அடிமை ஒழிப்பாளர்கள் மீது வழக்கு நடத்தியவர். அது சட்டப்படி தேசிய கீதமானது 1931இல்தான். விளையாட்டுத் திடலுக்குள் அது பெயர் பெற்றது அதற்கு முன்பே, முதல் உலகப்போர் நேரத்தில், 1918 பேஸ்பால் இறுதித் தொடரில். இரண்டாம் உலகப்போரின்போது எல்லாத் திடல்களிலும் பரவி, போர் முடிந்த பிறகும் போகாமல் தங்கிவிட்டது. ஃபுட்பால் லீகில் இரவு நேரப் பெரிய ஆட்டங்களில் கீதம் பாடும்போது வீரர்கள் உடை மாற்றும் அறையிலேயே இருப்பார்கள். அவர்கள் வெளியே வந்து வரிசையாக நிற்பது 2009இல் வந்த வழக்கம். கேப்பர்னிக் உட்கார்ந்தபோது அந்தப் 'பாரம்பரியத்துக்கு' வயது ஏழு.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2015 நவம்பரில் ஜான் மெக்கெய்ன், ஜெஃப் ஃப்ளேக் என்ற இரண்டு செனட்டர்கள் (இருவரும் குடியரசுக் கட்சி, மெக்கெய்ன் போர்க் கைதியாக இருந்தவர்) ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பாதுகாப்புத் துறை விளையாட்டு அணிகளோடு செய்த 122 ஒப்பந்தங்களை அவர்கள் ஆராய்ந்ததில், 72இல் தேசபக்திக் காட்சிகளுக்கு அரசு காசு கொடுத்தது தெரிந்தது. திடல் முழுக்கக் கொடி விரிப்பது, வீரர்களை வரவேற்பது, கீதம் பாடுவது எல்லாம் விலைப்பட்டியலில் இருந்தன. மக்கள் கண்ணீரோடு கைதட்டியது கட்டண விளம்பரத்துக்கு. மறு ஆண்டு ஃபுட்பால் லீக் ஏழு லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. காசு வாங்கிக்கொண்டு காட்டிய தேசபக்தியை யாரும் அவமதிப்பு என்று சொல்லவில்லை.

இந்த லீகின் சொந்த வரலாற்றையும் புரட்டுவோம். 1920களில் ஃபிரிட்ஸ் போலார்டு போன்ற சில கறுப்பின வீரர்கள் ஆடினார்கள். 1934 முதல் 1945 வரை ஒருவர்கூட இல்லை. எழுதப்பட்ட தடை எதுவும் கிடையாது. முதலாளிகள் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒருவரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். 'இங்கே சாதி பார்க்கிறதில்லைங்க' என்று சொல்லிக்கொண்டே வீடு வாடகைக்குத் தராத தெருக்களைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

அது எப்படி உடைந்தது? 1946இல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு இடம் மாறி, கொலீசியம் திடலைக் கேட்டது. அது பொதுப் பணத்தில் கட்டிய திடல். எங்கள் வரிப்பணத் திடலில் எங்களை ஒதுக்கும் அணி ஆடுவதா என்று ஹேலி ஹார்டிங் உள்ளிட்ட கறுப்பினப் பத்திரிகையாளர்கள் மடக்கினார்கள். கென்னி வாஷிங்டனும் வுடி ஸ்ட்ரோடும் அணியில் சேர்க்கப்பட்டார்கள். கடைசிவரை அடம்பிடித்தது தலைநகர் வாஷிங்டன் அணி. அதன் முதலாளி ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் 1962 வரை ஒரு கறுப்பின வீரரையும் இறக்கவில்லை. அவர் மனம் மாறவில்லை. புதிய திடல் மத்திய அரசு நிலத்தில் இருந்தது. வீரர்களைச் சேர்க்காவிட்டால் திடல் இல்லை என்று கென்னடி அரசின் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் உடால் மிரட்டினார், சேர்த்தார். இரண்டு இடத்திலும் முதலாளிக்குத் தேவைப்பட்ட ஒன்றைப் பிடித்து நிறுத்தியபோதுதான் கதவு திறந்தது.

1965 ஜனவரி கதை எங்களுக்கு மிகப் பிடித்தது. அப்போது அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்று ஒரு போட்டி லீக் இருந்தது. அதன் நட்சத்திர ஆட்டம் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடப்பதாக இருந்தது. ஒதுக்கலைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இரண்டு அணியிலும் சேர்த்து 21 கறுப்பின வீரர்கள் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் டாக்சி ஏற்றவில்லை. கேளிக்கை விடுதிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பின. அழைத்ததோ நகரம்! தங்களுக்குத் தொழில்முறை அணி வேண்டும், நாங்கள் மாறிவிட்டோம் என்று காட்டத்தான் அந்த ஆட்டத்தையே கேட்டு வாங்கியிருந்தார்கள். 21 பேரும் ஓர் அறையில் கூடிப் பேசினார்கள், வாக்கெடுத்தார்கள், ஆடமாட்டோம் என்று கிளம்பிவிட்டார்கள். ரான் மிக்ஸ் போன்ற வெள்ளையின வீரர்கள் சிலரும் துணை நின்றார்கள். லீக் ஆணையர் ஜோ ஃபாஸ் சில நாட்களுக்குள் ஆட்டத்தையே ஹூஸ்டனுக்கு மாற்றினார். முன்னின்ற குக்கி கில்கிறிஸ்ட், அப்னர் ஹேன்ஸ் இருவரும் அதே ஆண்டு தங்கள் அணிகளிலிருந்து டென்வருக்குக் கைமாற்றப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதே காலத்தில் தனியாக நின்றவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 1959இல் சிகாகோவில் நடந்த பான் அமெரிக்கன் போட்டியில் உயரம் தாண்டும் வீராங்கனை ரோஸ் ராபின்சன் கொடிக்கு எழுந்து நிற்கவில்லை. அவர் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கறுப்புக் கையுறையோடு கை உயர்த்திய டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் அணியிலிருந்து நீக்கப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஃபுட்பால் அணியின் டேவ் மெகிசி, வெள்ளையினத்தவர், வியட்நாம் போரை எதிர்த்துக் கீதத்தின்போது தலைகுனிந்து நின்றார். 1969 பருவத்தோடு ஆட்டத்தை விட்டார். 1996இல் கூடைப்பந்து வீரர் மஹ்மூத் அப்துல் ரவூஃப் நிற்க மறுத்தபோது லீக் அவரை இடைநீக்கம் செய்தது. கையேந்திப் பிரார்த்தித்தபடி நிற்கிறேன் என்று ஓர் ஆட்டத்திலேயே சமரசத்துக்கு வந்தார். அப்படியும் அடுத்த பருவத்தில் வேறு அணிக்குத் தள்ளப்பட்டார். பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனை வெள்ளை அமெரிக்கா நல்ல பிள்ளையாகக் காட்டும். அவரே 1972இல், இறக்கும் ஆண்டில், தன்னால் எழுந்து நின்று கீதம் பாட முடியாது என்று தன்வரலாற்றில் எழுதினார்.

சட்டம் காப்பாற்றாதா என்று சட்டக் கல்லூரித் தோழர்கள் கேட்பீர்கள். 1943 ஜூன் 14 அன்று, அதாவது உலகப்போர் உச்சத்தில் இருந்தபோது, அதுவும் அந்நாட்டின் கொடி நாளன்றே, அமெரிக்க உச்ச நீதிமன்றம் பார்னெட் வழக்கில் தீர்ப்பளித்தது. பள்ளிப் பிள்ளையைக் கொடிக்கு வணக்கம் செலுத்த அரசு கட்டாயப்படுத்த முடியாது என்றது. வழக்காடியவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு மதக்குழுவினர். 1986இல் நம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, கேரளத்தில் அதே மதக்குழுவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் கீதம் பாடாமல் மரியாதையாக நின்றதற்காகப் பள்ளியை விட்டு நீக்கப்பட்டது செல்லாது என்றார். ஆனால் அமெரிக்க அரசியலமைப்பின் பேச்சுரிமை அரசைக் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது. பள்ளிக் குழந்தைக்கு இருக்கும் பாதுகாப்பு கோடிகளில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரருக்குக் கிடையாது. ஃபுட்பாலில் பெரும்பாலான ஒப்பந்தங்களில் முழுச் சம்பளத்துக்கும் உத்தரவாதம் கிடையாது. அணி நினைத்தால் ஆளை வெட்டிவிடலாம்.

வெட்டினார்கள். 2017 மார்ச்சில் கேப்பர்னிக் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தார். அவர் வராவிட்டால் அணியே வெளியேற்றியிருக்கும். வயது 29. முந்தைய பருவத்தில் 16 முறை பந்தை எல்லைக்கு அப்பால் சேர்த்த வீச்சுகள், எதிரணி பறித்தவை நான்கு மட்டும். நான்கு ஆண்டுக்கு முன் அணியை இறுதியாட்டமான சூப்பர் பவுலுக்கு அழைத்துச் சென்றவர். 32 அணியில் ஒன்றுகூட எடுக்கவில்லை. 1934ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் எழுதப்பட்ட தடை எதுவும் இல்லை.

2017 செப்டம்பர் 22 அன்று அலபாமாவில் ஒரு கூட்டத்தில் அதிபர் டிரம்ப், கொடியை அவமதிக்கும் வீரனைத் தாயை இழுத்துத் திட்டி, அவனை வேலையை விட்டுத் தூக்குங்கள் என்று முதலாளிகளுக்கு அறைகூவல் விட்டார். அந்த ஞாயிறு 200க்கும் மேற்பட்ட வீரர்கள் முழங்காலிட்டோ உட்கார்ந்தோ எதிர்ப்புக் காட்டினார்கள். பெரிய வெற்றி என்று எங்களுக்கும் முதலில் தோன்றியது. ஆனால் மறுநாள் டல்லாஸ் அணி முதலாளி ஜெரி ஜோன்ஸ் வீரர்களோடு கைகோத்துத் தானும் முழங்காலிட்டார். கீதம் தொடங்கும் முன்பு. தொடங்கியதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். முதலாளிகள் 'ஒற்றுமை' என்றார்கள். போலீஸ் கொலை என்ற சொல் அந்த வாரத்தில் எங்கே போனது? ஊடகம் முழுக்க விவாதம் கொடியா, டிரம்பா, ராணுவமா என்றே நடந்தது. அடுத்த மாதம் முதலாளிகள் கூட்டத்தில் ஹூஸ்டன் அணி முதலாளி பாப் மெக்நேர், கைதிகள் சிறையை நடத்த விடக்கூடாது என்ற பொருளில் பேசியது வெளியே வந்தது. மன்னிப்புக் கேட்டார். வாய் தவறியது என்று நாங்கள் நம்பவில்லை.

அந்த நவம்பரில் மால்கம் ஜென்கின்ஸ் தலைமையிலான வீரர் கூட்டமைப்போடு லீக் பேச்சு நடத்தி, ஏழு ஆண்டுகளில் சுமார் 8.9 கோடி டாலரைச் சமூக நீதிப் பணிகளுக்குத் தருவதாகச் சொன்னது. எரிக் ரீட் உள்ளிட்ட சிலர், போராட்டத்தை நிறுத்த விலை பேசுகிறார்கள் என்று கூட்டமைப்பை விட்டு வெளியேறினார்கள். ஜென்கின்ஸைத் துரோகி என்று ஒரே வார்த்தையில் முடிக்க நமக்குத் தோன்றும். அவர் சிறைச் சீர்திருத்தத்துக்காக ஓடியாடி வேலை செய்தவர். ஆனால் 1965இல் 21 பேரும் ஒரே அறையில் முடிவெடுத்தார்கள், 2017இல் 200 பேருக்கு அப்படி ஓர் அறை இல்லை. கோரிக்கை என்ன, எது கிடைத்தால் எழுந்து நிற்போம் என்று அவர்கள் சேர்ந்து முடிவு செய்வதற்குள் முதலாளிகள் தொகையோடு வந்துவிட்டார்கள். எங்கள் ஊர்களில் சமாதானக் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்தவர்கள் நாங்கள்.

இங்கே நம் வரலாற்றில் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டுப் போகிறோம். அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டு 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் உருவானார்கள். அந்த ஆண்டு சுதந்திரத்தின் வெள்ளிவிழா. 'சாதனா' மராத்தி இதழின் ஆகஸ்ட் 15 சிறப்பிதழில் ராஜா டாலே ஒரு கட்டுரை எழுதினார். தலித் பெண்ணின் மானத்தைப் பறித்தவனுக்கு அபராதம் 50 ரூபாய், தேசியக் கொடியை அவமதித்தால் 300 ரூபாய் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அப்படியானால் அந்தக் கொடியின் மதிப்பு என்ன என்று கடுமையான சொற்களில் கேட்டார். மராட்டியமே கொதித்தது. எதற்காக? 300 ரூபாய்க்காக. 50 ரூபாயைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு. டாலேயின் சொற்கள் அத்தனை கடுமையானவை, போயர் சொல்லிக்கொடுத்த முழங்கால் அத்தனை மென்மையானது. இரண்டுக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்.

கேப்பர்னிக் 2017 அக்டோபரில், முதலாளிகள் கூட்டுச் சதி செய்து தன்னை ஒதுக்குகிறார்கள் என்று முறையீடு செய்தார். அதைத் தள்ளுபடி செய்யச் சொன்ன லீகின் மனுவைச் சமரசத் தீர்ப்பாளர் ஏற்கவில்லை. 2019 பிப்ரவரியில் வெளியே சொல்லாத ஒரு தொகைக்கு லீக் சமரசம் செய்துகொண்டது. இடையில் 2018இல் நைக்கி நிறுவனம் அவர் முகத்தை வைத்து விளம்பரம் எடுத்தது. களத்துக்கு வேண்டாத முகம் காலணி விற்க வேண்டியிருந்தது.

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஒரு போலீஸ்காரர் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை ஊன்றி ஒன்பது நிமிடத்துக்கு மேல் அப்படியே இருந்தார். நாடெங்கும் தெரு நிரம்பியது. ஜூன் 5 அன்று லீக் ஆணையர் ரோஜர் குடெல், வீரர்கள் சொன்னதை முன்பே கேட்காதது எங்கள் தவறு என்று காணொளியில் பேசினார். கேப்பர்னிக் என்ற பெயர் அதில் இல்லை. அந்தப் பருவத்திலிருந்து களங்களின் எல்லைப் பகுதியில் 'இனவெறியை ஒழிப்போம்' என்று பெரிய எழுத்தில் வரைந்தார்கள். அதன் மேல் கேப்பர்னிக் ஓடவில்லை. அவருடைய கடைசி ஆட்டம் 2017 ஜனவரி 1 அன்று நடந்ததுதான்.

2025 பிப்ரவரி 9 அன்று சூப்பர் பவுல் இறுதியாட்டம் நடந்தது. பதவியில் இருக்கும் அதிபர் ஒருவர் நேரில் வந்து பார்த்த முதல் சூப்பர் பவுல் அது. வந்தவர் டிரம்ப். அந்த ஆட்டத்துக்கு 'இனவெறியை ஒழிப்போம்' என்ற வரியை எடுத்துவிட்டு, 'அன்பைத் தேர்ந்தெடுப்போம்' என்று எழுதியிருந்தார்கள். ஆட்டம் நடந்த ஊர் நியூ ஆர்லியன்ஸ். அறுபது ஆண்டுக்கு முன் 21 பேர் டாக்சி கிடைக்காமல் நின்று, பிறகு ஆடமாட்டோம் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய அதே ஊர்.